செஞ்சிக் கோட்டையும் ரோல் பாரும்: வீட்டில் கட்டிய கார்களின் கதை

செஞ்சிக் கோட்டையை நேரில் பார்க்காதவர்கள் கூட தேசிங்கு ராஜன் கதையை ஒரு முறையாவது கேட்டிருப்பார்கள். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால், வழியில் பாறைகளை அள்ளிக் கொட்டியது போல மூன்று குன்றுகள் வரும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. மூன்றையும் சேர்த்து வளைத்துக் கட்டிய மதில் பல கிலோமீட்டர் நீளம். ஆங்கிலேயர்கள் இதற்கு வைத்த பெயர் "கிழக்கின் டிராய்". 2025 ஜூலையில் மராத்தியர் கோட்டைகள் 12-ஐ யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்ற ஒரே கோட்டை செஞ்சிதான்.

சரி, கோட்டைக்கும் காருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? இருக்கிறது. இந்தக் கோட்டையின் வரலாற்றில் இரண்டு சம்பவங்கள் உண்டு. அந்த இரண்டையும் தெரிந்துகொண்டால், ரேஸ் காரில் ஓட்டுநரின் தலைக்குப் பின்னால் நிற்கும் அந்த ஒற்றை இரும்பு வளையத்தின் ரகசியமும் புரிந்துவிடும்.

ஒரே கோட்டை, இரண்டு முடிவுகள்

முதல் சம்பவம். சிவாஜியின் மகன் ராஜாராம் மொகலாயர்களிடமிருந்து தப்பி வந்து செஞ்சியில் தஞ்சம் புகுந்தார். ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690-ல் முற்றுகையைத் தொடங்கினார். கோட்டை அவர் கைக்கு வந்தது 1698-ல்! ஏழு ஆண்டுகளுக்கு மேல் அந்த மதில் தாங்கி நின்றது. கோட்டை விழுவதற்கு முன்பே ராஜாராம் தப்பிப் போய்விட்டார். அதாவது கோட்டை கடைசியில் போனது, ஆனால் உள்ளே இருந்த மனிதர் பிழைத்தார்.

இரண்டாவது சம்பவம். 1750 செப்டம்பரில் புஸ்ஸி என்ற பிரெஞ்சுத் தளபதி ஒரு சிறிய படையோடு வந்தார். அதே மதில், அதே குன்றுகள். ராஜகிரி உச்சிக்குப் போகும் வழியில் சுமார் 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் உள்ள பிளவும் அப்படியேதான் இருந்தது. ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் மதிலை இடித்துக்கொண்டு நிற்கவில்லை. வெடி வைத்துக் கதவுகளைப் பெயர்த்தார்கள். இரவோடு இரவாகக் கோட்டை அவர்கள் வசமானது.

ஒரே கோட்டை ஒரு முறை ஏழு ஆண்டு தாங்கியது, இன்னொரு முறை ஒரு ராத்திரி கூடத் தாங்கவில்லை. இடையில் கல்லின் பலம் குறைந்துவிடவில்லை. தாக்குதல் வந்த இடம்தான் வேறு. கோட்டையின் பலம் மதிலின் கனத்தில் இல்லை, மதிலும் கதவும் சேரும் இடத்தில் இருக்கிறது. ரோல் பார் விஷயத்திலும் இதேதான். குழாய் எவ்வளவு தடிமன் என்று எல்லோரும் பார்ப்பார்கள். அந்தக் குழாயின் கால் எதன் மேல் நிற்கிறது என்று பார்ப்பவர்கள் குறைவு.

ரோல் பார் என்றால் என்ன?

கார் தலைகுப்புறக் கவிழ்ந்தால் அதன் முழு எடையும் கூரை மேல் வரும். கூரையே இல்லாத ரேஸ் காரில் அது நேராக ஓட்டுநரின் தலை மேல் வரும். அந்த எடையைத் தலைக்குப் பதிலாக வாங்கிக்கொள்ள, இருக்கைக்குப் பின்னால் ஒரு பக்கத் தரையிலிருந்து மறுபக்கத் தரை வரை வளைத்து நிறுத்தும் இரும்புக் குழாய்தான் ரோல் பார். இப்படிப் பல குழாய்களைச் சேர்த்து ஓட்டுநரைச் சுற்றிக் கூண்டாகக் கட்டினால் அது ரோல் கேஜ்.

கேட்க எளிமையான விஷயமாகத் தெரியும். ஆனால் இது கட்டாயமாவதற்கு மோட்டார் பந்தயம் தொடங்கி அறுபது ஆண்டுக்கு மேல் ஆனது. 1894-ல் பாரிஸிலிருந்து ரூவான் வரை கார்கள் ஓடின. ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ரோல் பார் கட்டாயமானது 1961-ல். நடுவில் இருந்த தலைமுறைகள் நம்பியது வேறு. கார் கவிழ்ந்தால் வெளியே தூக்கி எறியப்படுவதே பிழைக்க வழி என்று பல வீரர்கள் நினைத்தார்கள். அதனால் சீட் பெல்ட்டும் வேண்டாம், ரோல் பாரும் வேண்டாம் என்று இருந்தார்கள். தூக்கி எறியப்பட்டவர்களில் பலர் திரும்பி வரவில்லை.

1961-ல் விதி வந்த பிறகும் நிலைமை உடனே மாறிவிடவில்லை. அந்தக் காலத்து கார்களின் படங்களைப் பாருங்கள். பல கார்களில் வளையம் ஓட்டுநரின் ஹெல்மெட்டை விடத் தாழ்வாக, மெல்லிய கம்பி போல நிற்கும். விதிக்காக வைத்தது, உயிருக்காக வைத்தது அல்ல! சீட் பெல்ட் கட்டாயமானது அதற்கும் பிறகு, 1972-ல். பெல்ட் இல்லாமல் ரோல் பார் மட்டும் இருந்து என்ன பயன்? கவிழும்போது ஆள் வளையத்துக்கு வெளியே போய்விடுவார். மதில் ஒரு பக்கமும் ராஜா ஒரு பக்கமும் இருப்பது போலத்தான்.

சோழவரமும் சொந்தக் கைகளும்

இப்போது நம் ஊருக்கு வருவோம். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று சும்மா கிடந்தது. 1953-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்கள் நடத்தியது. சோழவரம் ரேஸ் என்றால் தென்னிந்தியா முழுவதிலிருந்தும் கூட்டம் வந்து சேரும். 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பந்தயத் தளம் வரும் வரை நம் மோட்டார் பந்தயத்தின் தாய்வீடு சோழவரம்தான்.

அந்தக் காலத்தில் நம் நாட்டில் ரேஸ் கார் வாங்குவது நடக்கிற காரியமா? லைசென்ஸ் ராஜ் காலம். சாலையில் ஓடியது அம்பாசிடர், ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு. வெளிநாட்டுக் கார் வேண்டுமென்றால் வரியும் அனுமதியும் மலை போல நின்றன. மகாராஜாக்களும் பெரும் தொழிலதிபர்களும் சமாளித்தார்கள். மற்றவர்கள் என்ன செய்தார்கள்? இருக்கிற காரைப் பிரித்தார்கள். ஃபியட் என்ஜினையோ ஹெரால்டு என்ஜினையோ எடுத்து, சொந்தமாக ஒரு சட்டம் கட்டி, அதில் பொருத்தினார்கள். இவற்றுக்கு "ஸ்பெஷல்" என்று பெயர். லேத் பட்டறையும் வெல்டிங் பட்டறையும்தான் அன்றைய ரேஸ் கார் தொழிற்சாலை.

இந்தப் பரம்பரையின் உச்சம் கோயம்புத்தூர்க்காரரான எஸ். கரிவர்தன். ஜவுளி ஆலைக் குடும்பத்தில் பிறந்தவர், தானே பந்தய வீரர், தானே வடிவமைப்பாளர். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. நாடு முழுக்க ஒரே மாதிரி, சின்ன, நம்பகமான, மலிவான என்ஜின் கிடைத்தது. மற்றவர்கள் அதைக் குடும்பக் காராகப் பார்த்தார்கள். கரிவர்தன் அதில் ரேஸ் காரைப் பார்த்தார். 1980களின் பிற்பகுதியில் மாருதி என்ஜினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார்களை வடிவமைத்து, ஒன்றல்ல, வரிசையாகக் கட்டினார். ஃபார்முலா மாருதி என்று பிரபலமான பந்தயம் அதுதான்.

இதன் பலன் எங்கே போய் நின்றது தெரியுமா? 1990களின் தொடக்கத்தில் கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன் ஃபார்முலா மாருதியில்தான் முதல் அடி எடுத்து வைத்தான். அவன் பெயர் நரேன் கார்த்திகேயன். 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஓட்டி, ஃபார்முலா ஒன்னின் முதல் இந்திய வீரர் ஆனார். அதைப் பார்க்க கரிவர்தன் இல்லை. 1995-ல் சிறு விமான விபத்தில் அவர் இறந்துவிட்டார். கோயம்புத்தூரை அடுத்த செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

சொந்தமாகக் கார் கட்டுகிறவனுக்கும் கம்பெனிக் காருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கம்பெனிக் காரில் தவறு நடந்தால் கேட்க ஒரு கம்பெனி இருக்கிறது. சொந்தக் காரில் வெல்டிங் விட்டுப்போனால் அதன் விலையைக் கொடுப்பவன் வெல்டிங் செய்தவனேதான். அல்லது அவனை நம்பி ஏறி உட்கார்ந்த நண்பன்.

வளையத்தைக் கட்டுவது

உலகப் பந்தயங்களுக்கு விதி வகுக்கும் எஃப்.ஐ.ஏ. அமைப்பு இதை எண்களிலேயே எழுதி வைத்திருக்கிறது. பிரதான வளையம் தையல் இல்லாத, குளிர்நிலையில் இழுத்த கார்பன் எஃகுக் குழாயாக இருக்க வேண்டும். குறைந்தது 45 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. சுவர்த் தடிமன். இல்லையென்றால் 50 மி.மீ. விட்டம், 2 மி.மீ. தடிமன். தண்ணீர்க் குழாய்க்கு வாங்கும் ஜி.ஐ. பைப் இதற்கு ஆகவே ஆகாது. பார்க்கத் தடிமனாக இருக்கும், ஆனால் அதன் பலத்துக்கு யாரும் உத்தரவாதம் தருவதில்லை. வெல்டிங் வைத்தால் மேலே உள்ள துத்தநாகப் பூச்சு எரிந்து நச்சுப் புகை வேறு கிளம்பும்.

வளையம் ஒரே குழாயில் வளைந்திருக்க வேண்டும், நடுவில் ஒட்டு கூடாது. வளைவின் ஆரம் குழாய் விட்டத்தைப் போல மூன்று மடங்காவது வேண்டும். 45 மி.மீ. குழாய்க்கு 135 மி.மீ. அதை விடக் குறுக்கி வளைத்தால் உள்பக்கம் சுருக்கம் விழும், குழாய் நசுங்கும். வளைந்த இடத்தில் குறுகிய விட்டத்தை அகன்ற விட்டத்தால் வகுத்தால் 0.9-க்குக் குறையக் கூடாது என்பது விதி. நசுங்கிய குழாய் கவிழும்போது முதலில் மடங்குவது அந்த வளைவில்தான்.

உயரம்? மாணவர்கள் கார் கட்டும் ஃபார்முலா எஸ்.ஏ.இ. போட்டியின் விதி நல்ல வழிகாட்டி. முன் வளையத்தின் உச்சிக்கும் பின் வளையத்தின் உச்சிக்கும் ஒரு நேர்கோடு போட்டால், ஓட்டுநரின் ஹெல்மெட் அந்தக் கோட்டுக்குக் கீழே குறைந்தது 50 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். கார் கவிழ்ந்தால் அந்தக் கோடுதான் தரை!

அதே போட்டியில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. வளையத்தில் முக்கியமில்லாத ஓர் இடத்தில் 4.5 மி.மீ. அளவுக்கு ஒரு துளை போட வேண்டும். குழாயின் சுவர் உண்மையிலேயே சொன்ன தடிமன்தானா என்று பரிசோதகர் அதன் வழியாக அளந்து பார்ப்பார். கணக்குப் புத்தகத்துக்கு ஆடிட்டர் மாதிரி, குழாய்க்கும் ஓர் ஆடிட்!

காலை ஊன்றுவது

இப்போதுதான் செஞ்சியின் கதவுக்கு வருகிறோம். குழாய் அருமையாக வளைந்துவிட்டது. அதை எதன் மேல் நிறுத்துவது?

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 700 கிலோ எடையுள்ள கார். எஃப்.ஐ.ஏ.வின் ஒரு சோதனை, காரின் எடையோடு 150 கிலோ கூட்டி, அதன் 7.5 மடங்கு பாரத்தை வளையத்தின் மேல் செங்குத்தாக ஏற்றச் சொல்கிறது. 850 கிலோவை 7.5-ஆல் பெருக்கினால் 6,375 கிலோ. ஆறு டன்னுக்கு மேல்! பின்தாங்கிகளைக் கணக்கில் விட்டுவிட்டால், ஒரு காலுக்கு மூன்று டன்னுக்கு மேல் வருகிறது. 45 மி.மீ. குழாயின் வெட்டுமுகப் பரப்பு சுமார் 3.3 சதுர செ.மீ. மட்டுமே. மூன்று டன் பாரம் ஒரு தீப்பெட்டி அளவு கூட இல்லாத இடத்தில் இறங்குகிறது. அதன் அடியில் இருப்பது என்ன? சாதாரணக் காரின் தரைத் தகடு ஒரு மி.மீ. தடிமன் கூட வராது. சேற்றில் கம்பு ஊன்றியது போலக் குழாய் தரையைத் துளைத்துக்கொண்டு கீழே போகும். வளையம் வளையவே வளையாது, ஆனால் ஓட்டுநரின் தலை காலி.

நம் பழைய வீடுகளின் திண்ணையில் மரத்தூணை நேராக மண்ணில் நட மாட்டார்கள். அடியில் அகலமான கல் ஒன்றைப் போட்டு அதன் மேல் நிறுத்துவார்கள். இங்கேயும் அதேதான் வைத்தியம். தரைத் தகட்டின் மேல் குறைந்தது 3 மி.மீ. தடிமனும் 120 சதுர செ.மீ. பரப்பும் உள்ள இரும்புத் தகட்டை வெல்டிங் செய்ய வேண்டும். வளையத்தின் காலிலும் ஒரு தகடு. இரண்டையும் குறைந்தது மூன்று 8 மி.மீ. போல்ட்டுகளால் இறுக்க வேண்டும். 3.3 சதுர செ.மீ.யில் இறங்கிய பாரம் இப்போது 120 சதுர செ.மீ.யில் பரவுகிறது, கிட்டத்தட்ட 36 மடங்கு இடம். போல்ட்டும் கடையில் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் போல்ட் அல்ல. தலையில் 8.8 என்று பொறித்திருக்க வேண்டும்.

தகடு வைக்கும் இடமும் முக்கியம். தரையின் நடுவில் வைத்தால் தகட்டோடு சேர்ந்து தரையே மடங்கும். தரையும் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டமும் சேரும் மூலைதான் சரியான இடம். தகட்டை அந்த மூலையில் இரண்டு பக்கமும் படியுமாறு மடித்து வெல்டிங் செய்தால் பாரம் காரின் எலும்புக்குப் போய்ச் சேரும். செஞ்சியில் மதிலைப் பாறையின் மேல் ஏற்றிக் கட்டினார்கள் அல்லவா, அந்த மாதிரி. குழாய்களாலேயே சட்டம் கட்டிய காரில், பல குழாய்கள் கூடும் முடிச்சில் வளையத்தின் கால் இறங்க வேண்டும். இரண்டு முடிச்சுக்கு நடுவே ஒரு குழாயின் முதுகில் இறங்கினால் அந்தக் குழாய் ஒடியும்.

அடுத்தது பின்தாங்கிகள். கவிழும் கார் அப்படியே செங்குத்தாக விழுவதில்லை. ஓடிக்கொண்டே உருளும், தரையில் உரசிக்கொண்டே போகும். வளையத்தை முன்னும் பின்னும் இழுக்கும் விசை வரும். அதனால் உச்சிக்குப் பக்கத்திலிருந்து இரண்டு நேர்க் குழாய்கள் சாய்வாகப் பின்னால் இறங்க வேண்டும். செங்குத்துக் கோட்டிலிருந்து குறைந்தது 30 டிகிரி சாய்வு. பக்கவாட்டில் வளையம் சாயாமல் இருக்கக் குறுக்கே ஒரு மூலைவிட்டக் குழாய். முக்கோணம் அசையாது, நாற்கோணம் சாயும். பள்ளிக்கூட ஜியோமெட்ரிதான்.

2022-ல் உலகமே பார்த்த பாடம்

இதெல்லாம் பட்டறைக் கார்களுக்கு, பெரிய அணிகளுக்கு இந்தக் கவலை இருக்காது என்று தோன்றலாம். 2022 ஜூலை 3, பிரிட்டிஷ் கிராண்ட் பிரீ, சில்வர்ஸ்டோன். பந்தயம் தொடங்கிய சில விநாடிகளில் சீன வீரர் ஜோ குவான்யுவின் ஆல்ஃபா ரோமியோ கார் தலைகீழாகக் கவிழ்ந்தது. தரையில் மோதியதும் அதன் ரோல் வளையம் காரை விட்டே பிய்ந்து போனது. கார் தலைகீழாகவே வழுக்கிக்கொண்டு போய், டயர் தடுப்பைத் தாண்டி வேலியில் விழுந்தது. கட்டாயச் சோதனைகள் எல்லாவற்றிலும் தேறிய வளையம் அது! விபத்தில் விசை வந்த விதம் சோதனையில் வந்த விதம் அல்ல. 1750-ல் செஞ்சிக்கு நடந்தது போலவே.

ஜோ காயமில்லாமல் தப்பினார். காரணம், 2018-ல் கட்டாயமான ஹாலோ என்ற இரண்டாவது வளையம். பல வீரர்கள் அசிங்கமாக இருக்கிறது என்று எதிர்த்த அதே ஹாலோ. அடுத்த ஆண்டு, 2023-ல், எஃப்.ஐ.ஏ. விதியை மாற்றியது. வளையத்தின் உச்சி தரையில் குத்தி நிற்காதபடி உருண்டையாக இருக்க வேண்டும், முன்பக்கமாகத் தள்ளும் சோதனையிலும் தேற வேண்டும் என்றது.

இன்றைய பட்டறைகள்

சோழவரத்து ஸ்பெஷல்களின் வாரிசுகள் இப்போது பொறியியல் கல்லூரிகளில் இருக்கிறார்கள். எஸ்.ஏ.இ. இந்தியாவின் பாஹா போட்டி, 2011-ல் தொடங்கிய சுப்ரா, கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடந்து வரும் ஃபார்முலா பாரத் என்று மாணவர்கள் தாங்களே குழாய் வளைத்து, தாங்களே வெல்டிங் வைத்து, தாங்களே ஓட்டுகிறார்கள். பரிசோதகர் கையெழுத்துப் போடாமல் கார் தளத்தில் இறங்க முடியாது.

சாலையில் ஓடும் காருக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. வண்டியைக் கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சட்டம் ஒரு புறம் இருக்கட்டும். ஹெல்மெட் போடாமல் ஓட்டும் காரில் தலைக்கு ஒரு சாண் தூரத்தில் இரும்புக் குழாய் இருந்தால், சின்ன மோதலிலேயே மண்டை அதில் இடிக்கும். ஹெல்மெட், நல்ல பெல்ட், குழாயின் மேல் கெட்டியான பஞ்சு உறை, இந்த மூன்றும் இல்லாத இடத்தில் ரோல் பார் காவலன் அல்ல, எதிரி.

கடைசியாக

கார் கட்டுகிறவர்கள் என்ஜினுக்குக் கணக்குப் பார்க்காமல் செலவு செய்வார்கள். பளபளக்கும் குழாய்க்கும் செய்வார்கள், அது கண்ணுக்குத் தெரியும். இருக்கைக்குப் பின்னால், கம்பளத்துக்கு அடியில் மறைந்து கிடக்கும் நாலு தகடும் பத்துப் பன்னிரண்டு போல்ட்டும் யார் கண்ணுக்கும் தெரியாது. மொத்தச் செலவில் அவை மிகச் சின்னத் தொகை. ஆனால் கார் கவிழும் அந்த ஒரு நாளில் கணக்கு தீர்வது அங்கேதான்.

1714-ல் தேசிங்கு ராஜன் ஆற்காட்டு நவாபின் பெரும்படையை எதிர்த்துக் கோட்டையை விட்டு வெளியே வந்து போரிட்டு மடிந்தபோது அவருக்கு வயது 22 என்பார்கள். இன்று கல்லூரிப் பட்டறைகளில் குழாய் வளைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய அதே வயது. வீரம் அன்றும் குறையவில்லை, இன்றும் குறையவில்லை. வெல்டிங் முடிந்து பெயின்ட் அடிப்பதற்கு முன், ஒரு டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு காரின் அடியில் படுத்து, அந்த நாலு கால்களையும் ஒரு முறை பார்த்துவிட்டால் போதும். கதவு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்ட கோட்டை அது.